அழுத்தம் அடங்கும் வரை

திருகைக் கால் திருப்புக்கு மேல் முடுக்க வேண்டாமென்று கை தானாகவே நின்றுகொண்டது. தணிகாசலம் முடுக்குச் சாவியைத் திருகிலிருந்து உருவி, மேஜையின் தன் பக்கத்து ஆணியில் மாட்டினார். இனி அரை மணி நேரத்துக்கு ஒன்றும் செய்வதற்கில்லை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்த எஃகு உருளைக்குள் இரண்டு வைரங்கள் முனையோடு முனை பார்த்து நின்றன. நடுவே மெல்லிய எஃகுத் தகடு, தகட்டில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை, துளைக்குள் ஒரு தூசி பேரியம். திருகை முடுக்கியதும் அழுத்தம் சட்டென்று நிலைகொண்டுவிடாது. தகடு கொஞ்சம் நெளியும், திருகுகள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், எல்லாம் தன் தன் இடத்தில் போய் உட்கார நேரம் பிடிக்கும். அதற்கு முன்னால் அளந்தால் பொய்யான எண் வரும். இதை எத்தனையோ பேருக்கு அவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இன்று தனக்கே இரண்டு முறை சொல்லிக்கொண்டார். கீழே ஆய்வு நிறுவனத்தின் கருத்தரங்கக் கூடத்தில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். கொய்ங் என்ற சத்தம் படிக்கட்டு வழியாக மேலே ஏறி வந்தது. இன்று ஓய்வு பெறும் சேவியருக்குப் பிரிவு உபசாரம். சமோசா, மிக்சர், காபி, சந்தன மாலை, இயக்குநரின் பேச்சு, ஆளுக்கு இரண்டு நிமிடம். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் அவருக்கும் இரண்டு நிமிடம். முப்பது வருடம் ஒரே அறையில் இருந்த மனிதரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசத்தான் வேண்டும் என்று கூட்டத்தில் யாராவது கையைப் பிடித்து இழுத்து மேடையில் நிறுத்திவிடுவார்கள். அந்த முப்பதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்பது தெரியாதவர்கள்தான் இழுப்பார்கள். தெரிந்தவர்கள் தலையைக் குனிந்து சமோசாவைப் பார்ப்பார்கள். எதை விட எது மேல் என்று அவருக்குத் தெரியவில்லை. நல்ல வேளை, அழுத்தம் அடங்க வேண்டும். நல்ல வேளை என்று நினைத்தது நெஞ்சில் ஒரு முள் மாதிரி உறுத்தியது. நாலு மணிக்குக் கூட்டம் என்று நேற்றே தெரியும். மூன்றே முக்காலுக்குத் திருகை முடுக்கச் சொன்னது யார்?

சுகுணா வந்து கதவை அரை ஆள் அளவுக்குத் திறந்து நின்றாள். அலுவலக உதவியாளர். இந்த மாடியில் யார் யாரிடம் பேசுகிறார்கள், யார் பேசுவதில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எல்லாரும் வந்தாச்சு சார், உங்களைத்தான் கேக்கறாங்க என்றாள். பிரஷர் அடங்கணும்மா, அரை மணி ஆகும் என்றார். அவள் உருளையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தாத்தான் சார் அது அடங்குமா?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். செருப்புச் சத்தம் இறங்கி மறைந்தது. கேலிதான். ஆனால் குரலில் கேலியை விட வேறு ஏதோ இருந்தது. காலையில் மனைவி மங்கையும் அதே குரலில்தான் பேசினாள். மகளின் பிரசவத்துக்காகப் புனேவுக்குப் போனவள், மூன்று மாதமாகிறது. தினமும் காலையில் போன் செய்து இட்லியா தோசையா என்று விசாரிக்கிறாள். இட்லி என்று சொல்லிவிட்டு அவர் ரொட்டியைத் தின்கிறார். இன்று அதை விசாரித்துவிட்டு, “இன்னைக்காவது பேசிடுங்க. அப்புறம் பேசணும்னாலும் ஆள் இருக்காது” என்றாள். பின்னால் குழந்தை அழுதது. பேசாவிட்டால் என்ன? இத்தனை வருடம் பேசாமல்தானே ஓடியது. பேசாமலே ஒரு மேஜை, பேசாமலே ஒரு எக்ஸ்ரே கருவி. அந்த ஆணியில் சாவி தொங்கினால் அவர் வேலை செய்கிறார், எதிர்ப்பக்கத்து ஆணியில் தொங்கினால் சேவியர் வேலை செய்கிறார். பேசாமலே ஒரு ஏர்கண்டிஷனர் கூட, யாருக்கு எந்த அளவு குளிர் பிடிக்கும் என்று அறிந்து நடந்துகொண்டது. சேவியருக்கு இருமல் வந்த வாரம் அவரே எழுந்து குளிரைக் குறைத்தார். எதற்குக் குறைத்தார் என்று காட்டிக்கொள்ளாமல், ஏதோ குமிழைச் சரிபார்க்கிறவர் மாதிரி குறைத்தார். நாளைக்கு யாருக்காகக் குளிரைக் குறைப்பது? பேசாமல் இருப்பதற்கும் எதிரில் ஒரு ஆள் வேண்டும். நாளையிலிருந்து அவர் யாரோடும் பேசாமல் இருக்க முடியாது. வெறுமனே அமைதியாக இருப்பார், அவ்வளவுதான். இது இப்போதுதான் உறைத்தது. மேஜையின் எதிர்ப்பக்கம் துடைத்து வைத்ததுபோல் காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்காமல் இருப்பதற்காக அவர் ஜன்னலைப் பார்த்தார். சவுக்குத் தோப்புக்கு அப்பால் கடல், வெயிலில் தகரம் மாதிரி.

டிக். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கட்டைவிரல் நகத்தால் மேஜையைச் சுண்டினால் வருமே, அவ்வளவுதான் சத்தம். அப்போதெல்லாம் இரண்டு பேருமாகச் சேர்ந்துதான் திருகுவார்கள். உருளைக்கு நாலு திருகு. ஒரு ஜோடி அவர் கையில், மூலைக்கு மூலை மற்ற ஜோடி சேவியர் கையில். மேஜைக்கு இரண்டு பக்கமும் எதிரெதிரே குனிந்து, நெற்றியும் நெற்றியும் முட்டாத குறையாக, ஒண்ணு ரெண்டு என்று சேவியர் சொல்ல ஒரே நேரத்தில் திருகுவார்கள். அப்படித் திருகினால்தான் வைரங்கள் சாயாமல் நேராக அழுந்தும். சேவியர் தூத்துக்குடிக்காரர். நீ என்றும் சொல்லமாட்டார், நீங்க என்றும் சொல்லமாட்டார், நீரு என்பார். என்ன வே, கை நடுங்குது, ராத்திரி வீட்ல சண்டையா என்பார். தணிகாசலத்தின் அரக்கோணத்துக் காதுக்கு முதலில் அது நாடகத்தில் ராஜா பேசுவது மாதிரி இருந்தது. பிறகு அப்படி யாரும் கூப்பிடாவிட்டால் வெறுமையாக இருந்தது. வைரம் அழுத்தும்போது பெரும்பாலும் உடையாது. அழுத்தத்தை இறக்கும்போதுதான் உடையும். ஏற்றும்போது எல்லாரும் பயந்து பயந்து ஏற்றுவார்கள், வேலை முடிந்தது என்ற நிம்மதியில் மளமளவென்று இறக்குவார்கள். அன்று அவர்கள் மளமளவென்று இறக்கவில்லை. மெதுவாகத்தான் இறக்கினார்கள், ஒண்ணு ரெண்டு என்று எண்ணித்தான் இறக்கினார்கள். டிக். நுண்ணோக்கியில் பார்த்தால் மேல் வைரத்தில் குறுக்கே ஒரு கோடு. நிறுவனத்தில் இருந்ததிலேயே நல்ல ஜோடி. இயக்குநர் அறையில் விசாரணை என்று பெரிதாக ஒன்றுமில்லை, எப்படி ஆச்சு என்று ஒரு கேள்விதான். சேவியர் சொன்னார்: ரெண்டு பேர் கையும் அதுல இருந்துச்சு சார், யார் முந்தினோம்னு சொல்ல முடியாது. அதில் தப்பே கிடையாது. எழுத்துக்கு எழுத்து உண்மை. எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் அதில் ஒரு பிசிறு கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் கோபம். தணிகாசலம் எதிர்பார்த்தது உண்மையை அல்ல. அவரு கை நிதானமான கைன்னு ஒரு வார்த்தை. அதைச் சேவியர் சொல்வார் என்று நினைத்தார். தான் அதைச் சேவியருக்காகச் சொல்லியிருப்பாரா? சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? மறுநாள் காலையில் வணக்கம் சொல்ல வாய் எழவில்லை. ஒரு நாள்தானே. அடுத்த நாள் சேவியர் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துப் பேசியிருந்தால் சிரிப்போடு முடிந்திருக்கும். ஒரு மாதம் கழித்து என்றால் ஒரு காபியாவது வாங்கித்தர வேண்டியிருக்கும். ஒரு வருடம் ஆன பிறகு எந்தச் சொல்லை எடுத்தாலும் அது அந்த ஒரு வருடத்தையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும், எந்தச் சொல்லுக்கும் அவ்வளவு பலம் இல்லை.

எளிய உலோகங்கள் என்று ஒரு பெயர் உண்டு. சோடியம், ரூபிடியம், பேரியம். அணுக்கள் பெட்டிக்குள் ஆரஞ்சுப் பழம் அடுக்கியது மாதிரி ஒழுங்காக இருக்கும், ஒரு மூலை தெரிந்தால் முழுப் பெட்டியும் தெரியும். சொந்தக்காரர்கள் அவரிடம் பேரியமா, வயித்து எக்ஸ்ரேக்குக் குடிக்கக் குடுப்பாங்களே அதுவா என்று கேட்பார்கள். அது அதன் ஒரு உப்பு, இது உலோகம் என்று முன்பெல்லாம் விளக்குவார். இப்போது ஆமாம் அதுதான் என்று சொல்லிவிடுகிறார். அதை அழுத்திக்கொண்டே போனால் இன்னும் நெருக்கமாக, இன்னும் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஓரளவு வரை அப்படித்தான் போகிறது. அதற்குமேல் அழுத்தினால் அந்தச் சாதுவான உலோகம் யாருமே எதிர்பார்க்காத ஒன்றைச் செய்கிறது. தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. பாதிக்கு மேற்பட்ட அணுக்கள் ஒரு வீடு மாதிரி எழும்பி நிற்க, மிச்ச அணுக்கள் அந்த வீட்டின் நீண்ட நடைகளில் விருந்தாளி மாதிரி வரிசையாக நிற்கின்றன. வீடும் பேரியம்தான், விருந்தாளியும் பேரியம்தான். ஆனால் வீட்டின் தூண்கள் ஒரு இடைவெளியில் நிற்கும், விருந்தாளிகள் வேறொரு இடைவெளியில் நிற்பார்கள். எவ்வளவு தூரம் நடந்தாலும் இரண்டு அளவும் ஒரே இடத்தில் வந்து பொருந்தாது. ஒன்றுக்குள் ஒன்று, தொட்டபடி, காலம் முழுக்கப் பொருந்தாமல். முதன்முதலாக அந்தப் படத்தைத் தாளில் வரைந்து பார்த்த அன்று எதிர்ப்பக்கம் நிமிர்ந்து பார்த்தார். சேவியரும் அதே கட்டுரையைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நிற்பது தெரிந்தது, ஒரு வார்த்தை உதடு வரைக்கும் வந்தது, இரண்டு பேரும் பக்கத்தைத் திருப்பினார்கள். சீ, இப்படிப் படிகத்தைப் பார்த்துத் தத்துவம் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கே ஆகாது. பேரியத்துக்கு மனத்தாங்கல் கிடையாது. நெருக்கினால் எலக்ட்ரான்கள் ஒதுங்க இடம் தேடுகின்றன, அவ்வளவுதான். ஆனாலும் ஒன்று அவரை விடுவதில்லை. ஏற்றும்போது ஒரு இடத்தில் மாறிய உலோகம், இறக்கும்போது அதே இடத்தில் பழையபடி திரும்புவதில்லை. அந்த இடத்தைத் தாண்டி இன்னும் கீழே, இன்னும் கீழே இறக்க வேண்டும். மாற வைத்த அழுத்தம் எப்போதோ போய்விட்டிருக்கும், மாறிய கோலம் மட்டும் அப்படியே நின்றுகொண்டிருக்கும். அவருக்கு இப்போது சேவியர் மேல் கோபம் இருக்கிறதா? தேடிப் பார்த்தார். உடைந்த வைரத்தை நினைத்தார், அந்த வாக்கியத்தை நினைத்தார். ஒன்றும் அசையவில்லை. கோபம் எந்த வருடம் போனது என்று கூடத் தெரியவில்லை. பிறகு எதைப் பிடித்துக்கொண்டு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்?

அரை மணி தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. கீழே கைதட்டல் ஓய்ந்து, நாற்காலிகள் இழுபடும் சத்தம். எழுந்து உருளையை லேசருக்கு நேரே வைத்தார். அழுத்தத்தை அளக்க வைரங்களுக்கு நடுவே பேரியத்தோடு ஒரு ரூபித் துகளும் போடுவது வழக்கம். அதன்மேல் பச்சை லேசர் பட்டால் அது சிவப்பாக ஒளிரும், அழுத்தம் ஏற ஏற அந்தச் சிவப்பு இன்னும் கொஞ்சம் அடர்சிவப்புப் பக்கம் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் உள்ளே எவ்வளவு நெருக்கடி என்று தெரியும். வெளியிலிருந்து அதை அறிய இந்த மேஜையில் வேறு வழி கிடையாது. பச்சை ஒளி உள்ளே போனது. திரையில் ஒன்றுமில்லை. கொஞ்சம் நகர்த்தினார். ஒன்றுமில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நுண்ணோக்கியில் குனிந்தார். துளைக்குள் பேரியம் வெள்ளிப் பொட்டு மாதிரி பளபளத்தது. பக்கத்தில் ரூபி இல்லை. முதலில் நம்பவில்லை. பிறகு காது சூடானது. புதிதாக வருகிற ஆராய்ச்சி மாணவர்கள் செய்கிற தப்பு. கடைசியில் அளந்துகொள்ளலாம் என்று நாள் முழுக்க முடுக்கியிருக்கிறார், எவ்வளவு முடுக்கினோம் என்று சொல்ல உள்ளே யாருமில்லை. எக்ஸ்ரே எடுத்தால் உலோகம் மாறிவிட்டதா என்று தெரியும், எந்த இடத்தில் மாறியது என்று இனி ஒருபோதும் தெரியாது. எப்படி மறந்தேன்? காலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கையால் மறுபடி செய்து பார்த்தார். வைரத்தைத் துடைத்தது, தகட்டைப் பொருத்தியது, ஊசியை எடுத்தது, ஊசிமுனையால் ஸ்லைடிலிருந்து ரூபித் துகளைத் தொட்டு எடுப்பது. கை அந்தரத்தில் நின்றது. ஸ்லைடு. மேஜையின் நடுவில், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான இடத்தில், ஒரு கண்ணாடி ஸ்லைடு இருக்கும், அதில் எப்போதும் சலித்து, கழுவி, சரியான அளவில் பொறுக்கிய நாலைந்து சிவப்புத் துகள்கள் இருக்கும். எப்போதும் இருக்கும். அவர் எடுப்பார். மறுநாள் மறுபடி இருக்கும். அது எப்படி அங்கே வருகிறது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதை யோசிக்காதது மாதிரி. பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் ரூபியைச் சலித்தது கிடையாது. சல்லடை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. சேவியர் தனக்காகச் சலித்துக்கொள்வதில் மிச்சமாக இருக்கலாம். இல்லை. சேவியர் வேலை செய்யாத மாதங்கள் உண்டு, முழங்கால் அறுவை முடிந்து ஊன்றுகோலோடு வந்து வெறுமனே வாசித்துக்கொண்டிருந்த மாதங்கள். அப்போதும் ஸ்லைடு காலியாக இருந்ததில்லை. தணிகாசலம் நுண்ணோக்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கீழே கார் கதவு ஒன்று திறந்தது.

படிக்கட்டில் இறங்கும்போது என்ன சொல்வது என்று சொற்களை எடுத்து எடுத்துப் போட்டார். நல்லா இருங்க. அது ரயில் நிலையத்தில் முன்பின் தெரியாதவரிடம் சொல்வது. மன்னிச்சிடுங்க. எதற்கு? எதற்கு என்று கேட்டால்? பழசெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. அதில் வைத்துக்கொண்டவர் சேவியர் என்றல்லவா ஆகிறது. கால் நடுப்படியில் நின்றது. திரும்பிப் போய்விடலாம், கார் போய்விடும், மங்கையிடம் கூட்டத்தில் பேச நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், அவளும் சரி என்று இட்லியை விசாரிப்பாள். கீழே வாசலில் சேவியர் மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றார். தலை முழுக்க வெளுத்திருந்தது. தினமும் பார்த்த தலைதான், வெளியே வெயிலில் வைத்துப் பார்த்ததில்லை. சுற்றி நின்றவர்கள் தணிகாசலத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். சுகுணா அட்டைப்பெட்டியைக் காரின் பின்னால் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். யோசித்து வைத்திருந்தவை எல்லாம் போய்விட்டன. வாயில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று.

“ரூபி போட மறந்துட்டேன்” என்றார்.

யாருக்கும் புரியவில்லை. சேவியர் மட்டும் அவர் பக்கம் திரும்பினார்.

“எவ்வளவு ஏத்துனீரு?”

“தெரியல.”

“எப்படித் தெரியும்?” சேவியர் மாலையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். “காலையில ஸ்லைடைத் துடைச்சு உள்ள வைக்கும்போதே நெனச்சேன், இவரு மறப்பாருன்னு.”

“சொல்லியிருக்கலாமே.”

“எப்படி வே சொல்ல?”

குரலில் குற்றச்சாட்டு இல்லை. நிஜமாகவே வழி கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார். சுகுணா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தனக்கும் அதே கேள்விதான் என்று சொல்லத் தணிகாசலத்துக்குத் தோன்றியது. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். சேவியர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கினார். என் பக்கத்து இழுப்பறையில ரெண்டாவது, பழைய மாத்திரை டப்பா ஒண்ணு இருக்கு, சல்லடையும் அதோட கிடக்கு என்றார். பிறகு, கார் நகர ஆரம்பித்த பிறகு, தலையை வெளியே நீட்டி, “இறக்கும்போது பாத்து இறக்கும்” என்றார். சவுக்கு வரிசை முடிகிற இடத்தில் கார் திரும்பி மறைந்தது. யாரோ தணிகாசலத்தின் கையில் ஒரு சமோசாத் தட்டைக் கொடுத்தார்கள். ஆறிப்போயிருந்தது. நின்றபடியே முழுவதையும் தின்றார்.

மேலே அறை அப்படியே இருந்தது, லேசர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது, திரையில் அதே ஒன்றுமில்லாமை. அணைத்தார். ஆணியிலிருந்து சாவியை எடுத்து முதல் ஜோடித் திருகைக் கால் திருப்புத் தளர்த்தினார், சுற்றிப் போய் மற்ற ஜோடியைக் கால் திருப்பு. தனியாக இறக்குவதென்றால் இப்படித்தான், மேஜையைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். ஒண்ணு என்று இந்தப் பக்கம் சொன்னார், ரெண்டு என்று அந்தப் பக்கம் சொன்னார். தன் குரல் அறையில் இவ்வளவு கேட்கும் என்று அவருக்குத் தெரியாது. இனி காத்திருக்க வேண்டும், ஏற்றும்போது காத்திருந்ததை விட அதிகமாக. இந்த முறை அது சாக்கு இல்லை. சேவியரின் இரண்டாவது இழுப்பறை தூக்கித் திறக்க வேண்டிய இழுப்பறை. மாத்திரை டப்பாவின் மூடியைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சிவப்புத் தூள் பாதிக்கு மேல் இருந்தது. ஒரு தடவைக்கு ஒரு துகள் போதும். ஓய்வு பெற அவருக்கு இன்னும் இரண்டு வருடம்தான். அதற்குப் பிறகு இந்த அறைக்கு யார் வந்து எவ்வளவு காலம் வேலை செய்தாலும் இது தீராது. யாருக்கென்று சேர்த்துவைத்தார் சேவியர் இவ்வளவையும்? வைரங்களிடமிருந்து சத்தம் ஏதும் வருகிறதா என்று ஒரு காதைக் கொடுத்துக்கொண்டே கண்ணாடி ஸ்லைடைத் தேடி எடுத்துத் துடைத்தார். துகள்களைச் சல்லடையில் தட்டி, கழுவி, நுண்ணோக்கியின் கீழே ஊசியால் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கண் பழக நேரமாயிற்று. பெரியதை ஒதுக்கினார், உடைந்ததை ஒதுக்கினார், இதற்கு இவ்வளவு பொறுமை வேண்டுமென்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நாலு தேறியது. அவற்றை ஸ்லைடில் வைத்து, சேவியரின் பக்கத்திலிருந்து கை நீட்டி, மேஜையின் நடுவில் வைத்தார். பிறகு மேஜையைச் சுற்றி வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். இங்கிருந்து பார்க்க அது எப்போதும் இருப்பது மாதிரியே இருந்தது. காலையில் வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும்.